கொடைக்கானல் சூரிய ஆய்வகம்: பஞ்சத்தில் பிறந்த ஒரு நூற்றாண்டுப் பணி

பழனி மலையில், கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899 ஏப்ரல் 1 அன்று முறைப்படி தொடங்கிய இந்த நிலையம், 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலிருந்து இன்றுவரை, வானம் இடம் கொடுத்த நாள்களிலெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்பது முதன்முதலில் தெரியவந்தது இங்கேதான். சென்னை எழும்பூரில் ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால் எழுந்த வானாய்வகமும், தென்னிந்தியாவைச் சூறையாடிய ஒரு பெரும் பஞ்சமும், நாட்டின் வானில் நிகழ்ந்த சில முழுச் சூரிய கிரகணங்களும் சேர்ந்துதான் இந்த மலையுச்சி நிலையத்தை உருவாக்கின.

பஞ்சாங்கமும் கோள்களின் நகர்வும்

சூரியனும் சந்திரனும் கோள்களும் எந்நாளில் எங்கே நிற்கும் என்று கணிப்பது தமிழகத்தில் பழைய தொழில். பஞ்சாங்கம் கணிப்பவர்கள் வாக்கிய முறையைப் பின்பற்றினார்கள். சந்திரன் 248 நாள்களில், தன் வேகம் கூடிக் குறையும் சுழற்சியை ஏறத்தாழ 9 முறை முடிக்கிறது. எனவே 248 நாள்களுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொற்றொடர்களாக்கி மனப்பாடம் செய்துகொண்டால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்குப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும்.

இந்த முறையின் திறமையை வெளிநாட்டு வானியலாளர்கள் இருவர் பதிவு செய்திருக்கிறார்கள். முதலாமவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல். சூரியனின் வட்டத்தை வெள்ளிக் கோள் கடந்து செல்வதைப் பார்க்க 1761இல் புதுச்சேரிக்குப் புறப்பட்ட அவர், அந்த நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கடல் நடுவே கப்பலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. எட்டு ஆண்டுகள் கீழ்த்திசையிலேயே தங்கி, 1769இல் அடுத்த கடப்பைப் புதுச்சேரியில் எதிர்பார்த்திருந்தபோது மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அங்கே அவர் தமிழ்க் கணக்கர்களிடம் கிரகணக் கணிப்பைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மாயரின் கணக்கு 68 விநாடி கூடிற்று.

இரண்டாமவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தில் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்த இவர், தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளை விளக்கி 1825இல் ‘காலசங்கலிதா’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, நினைவிலிருந்த அட்டவணைகளைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததை அவர் குறித்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம். முடியும் நேரத்தில் 52 நிமிடம்.

கோள்கள் எங்கே நிற்கும் என்பதை இந்த மரபு நன்றாகவே சொல்லிற்று. சூரியன் எதனால் ஆனது, அதன் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்பவை அதன் கேள்விகளாக இருக்கவில்லை. அந்நாளைய ஐரோப்பிய வானியலும் பெரும்பாலும் இதே நிலையில்தான் இருந்தது. கெப்ளரின் விதிகளால் கோள்களின் தொலைவுகளுக்கு இடையிலான விகிதம் தெரியும். உண்மைத் தொலைவு தெரியாது. பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து வெள்ளிக் கடப்பைப் பார்த்து, வெள்ளி செல்லும் கோடு எவ்வளவு விலகித் தெரிகிறது என்று அளந்தால், அந்த விலகலைக் கொண்டு சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். இதற்காகவே பல நாட்டு வானியலாளர்கள் கடல் கடந்தார்கள். இன்று அந்தத் தொலைவு சராசரியாக 14.96 கோடி கிலோமீட்டர் என்று துல்லியமாகத் தெரியும்.

சென்னை வானாய்வகம்

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் அமைத்தார். பின்னர் அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, மைக்கேல் டாப்பிங்கின் வடிவமைப்பில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. தொலைநோக்கி அசையாமல் நிற்க நடப்பட்ட கருங்கல் தூணில், ஆய்வகம் தொடங்கிய செய்தி தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் பொறிக்கப்பட்டது. அந்தத் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

கம்பெனி வானாய்வகம் நடத்தியதற்குக் காரணம் கப்பலும் நிலமும். ஓரிடத்தின் தீர்க்கரேகை திட்டமாகத் தெரிந்தால்தான் கடற்பயண வரைபடமும் நில அளவையும் சரியாக அமையும். முதல் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் சென்னையின் தீர்க்கரேகையை அளந்தார். 1802இல் பரங்கிமலைப் பகுதியில் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண நில அளவைக்குச் சென்னை ஆய்வகமே ஆதாரப் புள்ளி ஆயிற்று. பிற்காலத்தில் இந்தியாவின் ரயில்கள் பலவும் ஓடியது சென்னை ஆய்வகம் கணித்துத் தந்த சென்னை நேரத்தின்படிதான். 1906இல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை அந்த வழக்கம் இருந்தது.

தாமஸ் டெய்லர் 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களைத் தொகுத்து 1844இல் அட்டவணையாக வெளியிட்டார். 1861இல் பொறுப்பேற்ற நார்மன் பாக்சன் அதே ஆண்டில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். விண்மீன்களின் பொலிவை அளக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் அளவுகோலை வகுத்தவரும் இவரே.

பாக்சனிடம் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதர் குடும்பத்தில் பிறந்தவர். 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரான முதல் இந்தியர் ஆனார். 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக் கடப்பு வந்தபோது, அது என்ன, ஏன் நிகழ்கிறது என்று பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலைப் பல இந்திய மொழிகளில் வெளியிட்டார். வானத்தை நேரில் பார்த்துத் திருத்திய கணக்கின்படி பஞ்சாங்கம் அமைய வேண்டும் என்று வாதாடி, அவ்வாறே திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் கணித்தார். பழைய கணித மரபும் தொலைநோக்கி வானியலும் ஒரே மனிதரிடம் ஒன்றுகூடின. தமிழகத்து அறிவியல் வரலாற்றில் இவருக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

கிரகணங்கள் திறந்த வழி

ஒளியை அதன் நிறங்களாகப் பிரித்து, அதில் தோன்றும் கோடுகளைக் கொண்டு ஒரு பொருளில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று அறியும் முறையை 1859இல் ஜெர்மனியில் கிர்க்காஃபும் புன்சனும் வகுத்தார்கள். சூரியன் எதனால் ஆனது என்ற கேள்விக்கு விடை காணும் கருவி அதோடு கிடைத்துவிட்டது. ஆனால் சூரியனின் கண்கூசும் ஒளிப்பரப்பு, அதைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய அடுக்குகளை மறைத்துவிடுகிறது. அவற்றைப் பார்க்க முழுக் கிரகணம் வேண்டும்.

1868 ஆகஸ்டு 18இல் அப்படி ஒரு கிரகணம் இந்தியாவின் குறுக்கே சென்றது. குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் முகாமிட்டார். மசூலிப்பட்டினத்தில் பாக்சன் கருவிகளை நிறுத்தினார். சூரிய விளிம்பிலிருந்து எழும் செந்நிறச் சுடர் நாக்குகளின் நிறமாலையில் பளிச்சிடும் கோடுகள் தெரிந்தன. அப்படியானால் அவை ஒளிரும் வாயு. கோடுகள் மிகப் பொலிவாக இருந்ததைக் கண்ட ஜான்சன், கிரகணம் இல்லாதபோதும் அவற்றைப் பார்க்க முடியும் என்று ஊகித்து, மறுநாளே பார்த்தும் காட்டினார். இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் அதே ஆண்டு அக்டோபரில் தனியே இதைச் செய்தார். அந்த நிறமாலையில் இருந்த மஞ்சள் கோடு சோடியத்துக்கு உரியது அன்று, பூமியில் அறியப்படாத ஒரு தனிமத்துக்கு உரியது என்று முடிவுகட்டி அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தவரும் லாக்யரே. 1895இல்தான் வில்லியம் ராம்சே அதைப் பூமியில் கண்டெடுத்தார்.

1871 டிசம்பர் 12இல் வந்த முழுக் கிரகணத்தின் பாதை நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் வழியாகச் சென்றது. ஜான்சன் மீண்டும் வந்து நீலகிரியில் முகாமிட்டார். லாக்யர் மலபார்க் கரையில் பேக்கல் கோட்டைக்கு வந்தார். இவற்றால் தென்னிந்தியா சூரிய ஆய்வுக்கு ஏற்ற இடம் என்பது உலக வானியலாளர்களுக்குத் தெரிந்தது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் இங்கே உயரத்தில் நிற்கும். மலை மேல் காற்று தூசியின்றி இருக்கும்.

பஞ்சமும் சூரியப் புள்ளிகளும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாது வருடப் பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்டார்கள். பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய ஏதாவது வழி உண்டா என்ற கேள்வி அரசை நெருக்கியது.

அப்போது அறிஞர் சிலரின் கண் சூரியப் புள்ளிகள் மீது விழுந்தது. ஜெர்மனியின் ஷ்வாபே 1843இல் சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதைக் கண்டறிந்திருந்தார். பிறகு ருடால்ஃப் வுல்ஃப் அந்தச் சுழற்சி சராசரியாக 11 ஆண்டு என்று திருத்தினார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று வில்லியம் ஹண்டர் வாதிட்டார். அவரும் லாக்யரும் சேர்ந்து 1877இல் சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்துக் கட்டுரை எழுதினார்கள். சூரியனை நாள்தோறும் கண்காணித்தால் பஞ்சத்தை முன்னறியலாம் என்ற நம்பிக்கை பரவியது. 1882இல் பாக்சன், 20 அங்குலத் தொலைநோக்கியுடன் தென்னிந்திய மலையொன்றில் புதிய ஆய்வகம் வேண்டும் என்று அரசுக்கு எழுதினார்.

நம்பியபடி நடக்கவில்லை. பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், உலகின் பல பகுதிகளின் மழைக் கணக்கையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டபோது, மழையை முன்னறிய உதவும் அளவுக்கு உறுதியான தொடர்பு தென்படவில்லை. பருவமழைக்கான திறவுகோலை அவர் பெருங்கடல்களின் மேல் நிலவும் காற்றழுத்த ஊசலில் கண்டார். தாது வருடத்துப் பஞ்சம் அவ்வளவு உயிர்களைக் கொண்டதற்கு மழையோடு தானிய ஏற்றுமதியும் கைவிரித்த நிவாரணமும் காரணம். அந்தப் பழியைச் சூரியன் மேல் போட முடியாது. ஆனாலும், பஞ்சம் எழுப்பிய அந்தக் கேள்வி இல்லாவிட்டால் சூரியனுக்கென்று தனி ஆய்வகம் இந்தியாவில் அவ்வளவு விரைவில் வந்திருக்காது.

மலைக்கு மாற்றம்

இடம் தேடும் பொறுப்பு சென்னை கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிக்கி ஸ்மித்துக்கு வந்தது. 1883 முதல் சில ஆண்டுகள் பழனி, நீலகிரி மலைகளில் வானத்தின் தெளிவை அவர் அளந்து பார்த்தார். 1891இல் பாக்சன் இறந்தபின் அரசு வானியலாளராக ஸ்மித் அமர்ந்தார். 1893இல் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு கொடைக்கானலைத் தேர்ந்தது. 1895இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார்.

மோட்டார் ஏறும் மலைச்சாலை வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய காலம் அது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலைக்கு வரும் ஆள்களும் பொருள்களும் செங்குத்துப் பாதையில்தான் ஏற வேண்டும். கண்ணாடி வில்லைகளும் இரும்புத் தாங்கிகளும் கூலித்தொழிலாளர்களின் தோளில் மலையேறின. ஆய்வக வரலாற்றில் பெயர் குறிக்கப்படாத அந்த உழைப்பாளிகளுக்கும் இந்த நிலையத்தில் பங்குண்டு.

1899இல் வானியல் பணி சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாறியது. நுங்கம்பாக்கத்தில் நேரக் கணிப்பு மட்டும் 1931 வரை தொடர்ந்தது. சூரியனின் முழு வட்டத்தையும் கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் கருவி முதலில் நிறுவப்பட்டது. 1904இல் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் கேம்பிரிட்ஜிலிருந்து வந்து சேர்ந்தது. சூரிய ஒளியில் ஒரே ஒரு நிறக்கோட்டை மட்டும் தனியே பிரித்து, அந்த நிறத்தில் சூரியன் எப்படித் தோன்றுகிறது என்று படம் எடுக்கும் கருவி இது. அமெரிக்காவில் ஹேலும் பிரான்சில் தெலாந்தரும் 1890களின் தொடக்கத்தில் தனித்தனியே உருவாக்கியது.

இந்தக் கருவியின் அருமை சூரியனின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் விளங்கும். சூரியனின் கருவில் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி. அங்கே அணுக்கரு இணைவில் பிறக்கும் ஆற்றல், ஆரத்தின் முதல் 70 விழுக்காடுவரை கதிர்வீச்சாகவே மெல்ல மெல்ல வெளியே வருகிறது. எஞ்சிய பகுதியில் சூடான வாயு மேலெழுந்தும் குளிர்ந்த வாயு கீழிறங்கியும் ஆற்றலைக் கடத்துகின்றன. அதற்கு மேல் நாம் காணும் ஒளிமண்டலம். வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதன் மேல் மெல்லிய நிறமண்டலம். அதற்கும் அப்பால், பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் கொரோனா. சாதாரண வெண்ணொளியில் எடுத்த படம் ஒளிமண்டலத்தையும் அதிலுள்ள புள்ளிகளையும் மட்டும் காட்டும். கால்சியத்தின் ஊதாக் கோட்டிலும் ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டிலும் எடுத்த படம், கிரகணத்துக்குக் காத்திராமல் நிறமண்டலத்தை நாள்தோறும் காட்டும். கொடைக்கானலில் வெண்ணொளிப் படமும் கால்சியப் படமும் 1904ஐ ஒட்டியும், ஹைட்ரஜன் படம் 1912ஐ ஒட்டியும் தொடர் பணியாயின.

எவர்ஷெட் கண்ட ஓட்டம்

1907இல் உதவி இயக்குநராகக் கொடைக்கானல் வந்தவர் ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகிக்காமல், சொந்த ஆர்வத்தில் வீட்டிலேயே கருவி செய்து சூரியனை ஆராய்ந்தவர். 1898 கிரகணத்தைப் பார்க்க ஏற்கெனவே இந்தியா வந்திருந்தார். கருவியைக் கையாள்வதில் அவருக்கு இருந்த தேர்ச்சி இந்த ஆய்வகத்தின் தரத்தையே உயர்த்தியது.

சூரியப் புள்ளி என்பது சூழ்ந்துள்ள பரப்பைவிட 1,500 டிகிரிக்கு மேல் வெப்பம் குறைந்த இடம். அதனால்தான் கருமையாகத் தெரிகிறது. நடுவே கருநிழல், அதைச் சுற்றி இழை இழையாக அரைநிழல் என இரு பகுதிகள் அதற்கு உண்டு. பெரிய புள்ளிக்குள் பூமி முழுதும் அடங்கிவிடும். ஹைட்ரஜன் ஒளியில் எடுத்த படங்களில் புள்ளிகளைச் சுற்றிச் சுருள் வடிவங்களைக் கண்ட ஹேல், புள்ளிகள் பெருஞ்சுழல்கள் என்று கருதினார். 1908இல் புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதையும் அவரே நிறுவினார்.

புள்ளி சுழல்கிறது என்றால், அதன் ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கியும் மறுபக்கத்து வாயு நம்மை விட்டு விலகியும் செல்ல வேண்டும். நம்மை நோக்கி வரும் வாயுவின் நிறமாலைக் கோடு ஊதா பக்கமும், விலகிச் செல்லும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கமும் சிறிது நகரும். இது டாப்ளர் விளைவு. 1909 சனவரியில் மலைக்காற்று அடங்கித் தெளிந்திருந்த காலைகளில் எவர்ஷெட் இந்த நகர்வை அளந்தார். கோடுகள் நகர்ந்திருந்தன, ஆனால் சுழலுக்கு உரிய முறையில் அல்ல. சூரிய விளிம்புப் பக்கமாக இருந்த அரைநிழலில் சிவப்பு நோக்கியும், வட்டத்தின் நடுப்பக்கமாக இருந்த அரைநிழலில் ஊதா நோக்கியும் நகர்ந்திருந்தன. புள்ளி வட்டத்தின் மையத்துக்கு வந்தபோது நகர்வே இல்லை. வாயு சுழலவில்லை, புள்ளியின் நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும், மேற்பரப்புக்கு இணையாக, வெளிநோக்கி விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்ற முடிவைத் தவிர வேறு வழியில்லை.

உலகின் தலைசிறந்த சூரிய இயற்பியலாளரின் கருத்துக்கு எதிரான இந்த முடிவை எவர்ஷெட் அளவீட்டின் உறுதியில் நின்று வெளியிட்டார். இன்று இது எவர்ஷெட் விளைவு என்று உலகெங்கும் அறியப்படுகிறது. நிறமண்டலத்தில் ஓட்டம் நேர்மாறாக உள்நோக்கி இருப்பதும் தெரியவந்தது. அரைநிழலில் சாய்ந்து கிடக்கும் காந்தப்புலக் கோடுகளை ஒட்டியே வாயு ஓடுகிறது என்று இன்று விளக்குகிறார்கள். நுட்பமான விவரங்கள் இன்னும் ஆராயப்படுகின்றன.

எவர்ஷெட்டின் மனைவி மேரியும் தேர்ந்த வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் சுடர் நாக்குகளை அவர் புள்ளிகளோடு ஒப்பிட்டு வகைப்படுத்தினார். இருவரும் சேர்ந்து பல ஆண்டுச் சுடர் நாக்குப் பதிவுகளைத் தொகுத்து 1917இல் ஆய்வக வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். மேரிக்குச் சம்பளப் பதவி எதுவும் இருக்கவில்லை.

வெள்ளியைக் கண்ணாடியாக்கிய ஆய்வு

சூரிய நிறமாலையின் கோடுகள், பூமியில் ஆய்வுக்கூடத்தில் எடுத்த அதே கோடுகளைவிடச் சிறிதளவு சிவப்புப் பக்கம் தள்ளியிருந்தன. காரணம் அழுத்தம் என்று பலர் கூறினர். எவர்ஷெட் அதை ஏற்கவில்லை. ஈர்ப்பு மிகுந்த இடத்திலிருந்து புறப்படும் ஒளி சிவப்பு நோக்கி நகரும் என்று ஐன்ஸ்டைன் முன்னுரைத்திருந்தார். சூரியனுக்கு அந்த நகர்வு அலைநீளத்தில் பத்து லட்சத்துக்கு இரண்டு பங்குதான். அதுவே காரணமா, அல்லது வாயு பூமியை விட்டு விலகி ஓடுகிறதா?

பூமியை நோக்கிய முகத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. சூரியனின் வேறு முகத்திலிருந்து புறப்பட்ட ஒளி வேண்டும். எவர்ஷெட் வெள்ளிக் கோளை எடுத்துக்கொண்டார். வெள்ளி தன் சுற்றுப்பாதையில் சூரியனுக்கு அப்புறமாகச் செல்லும் காலத்தில், பூமிக்குத் தெரியாத சூரிய முகத்தின் ஒளி அதன்மேல் பட்டு நம்மை வந்தடைகிறது. அந்த ஒளியின் நிறமாலையைக் கொடைக்கானலில் அவரும் உதவியாளர்களும் தொடர்ந்து பதிவு செய்தார்கள். வெள்ளியும் பூமியும் நகரும் வேகத்தைக் கழித்த பிறகே விடை கிடைக்கும் என்பதால், கோள் இயக்கக் கணக்கின் துல்லியம் இங்கே இன்றியமையாததாயிற்று. முதலில் ஐன்ஸ்டைனின் விளக்கத்தை ஐயுற்ற எவர்ஷெட், நெடிய அளவீடுகளுக்குப் பிறகு 1920களின் தொடக்கத்தில் அதுவே முதன்மைக் காரணம் என்பதை ஏற்றார்.

1923இல் எவர்ஷெட் ஓய்வு பெற, தாமஸ் ராய்ட்ஸ் இயக்குநரானார். 1937இல் ஏ. எல். நாராயண் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

விடுதலைக்குப் பின்

மேகநாத் சாகா தலைமையிலான குழு 1945இல் இந்திய வானியலை வளர்க்கும் திட்டம் ஒன்றை அளித்தது. ஏ. கே. தாஸ் இயக்குநராக இருந்தபோது கொடைக்கானலுக்கு ஒரு சுரங்கத் தொலைநோக்கி திட்டமிடப்பட்டு, 1960ஐ ஒட்டி அமைந்தது. 11 மீட்டர் உயரக் கோபுரத்தில் சூரியனோடு சேர்ந்து திரும்பும் 60 சென்டிமீட்டர் கண்ணாடிகள், சூரிய ஒளியைக் கீழே நிலத்தடியில் கிடக்கும் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. அங்குள்ள 38 சென்டிமீட்டர் வில்லை, 34 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சூரிய பிம்பத்தை உருவாக்குகிறது. மேலே வெயிலில் காற்று கலங்கினாலும் சுரங்கத்துக்குள் வெப்பம் மாறாததால் பிம்பம் நடுங்குவதில்லை.

1960இல் இயக்குநரான வேணு பாப்பு சென்னையில் பிறந்தவர். குளிர்ந்த விண்மீன்களின் கால்சியக் கோட்டின் அகலத்துக்கும் அவற்றின் உண்மைப் பொலிவுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் ஓலின் வில்சனுடன் சேர்ந்து 1957இல் வெளியிட்டவர். கொடைக்கானலில் அதே கால்சியக் கோட்டைச் சூரிய மேற்பரப்பில் நுணுக்கமாகப் பார்த்து, விண்மீன்களில் தெரியும் அந்த விளைவுக்குச் சூரியனில் விடை தேடினார். இரவு வானியலுக்கு ஏற்ற இடத்தைத் தேடி, வேலூருக்குத் தென்மேற்கே ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தவரும் அவரே. 1977 மார்ச் 10இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களைப் பதிவு செய்த நிலையங்களில் காவலூரும் ஒன்று. 1971இல் கொடைக்கானல் ஆய்வகம் வானிலைத் துறையிலிருந்து பிரிந்து, இந்திய வான் இயற்பியல் நிறுவனமாகத் தன்னாட்சி பெற்றது. பின்னர் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூருக்கு மாறியது.

தகடுகளில் ஒரு நூற்றாண்டு

கொடைக்கானலின் பெருஞ்செல்வம் அதன் கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும். நிலம் சூடேறிக் காற்று கலங்குமுன் காலையில் படம் எடுப்பதும், இருட்டறையில் கழுவி நாளும் நேரமும் குறித்து அடுக்குவதும் இங்கே மாறாத ஒழுங்கு. தந்தை, மகன், பேரன் என மூன்று தலைமுறையாக இதைச் செய்த குடும்பமும் உண்டு. இரண்டு உலகப் போர்களும் ஆட்சி மாற்றமும் இந்த ஒழுங்கைக் குலைக்கவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இன்று எண்மமாக்கப்பட்டு, உலக ஆய்வாளர்களின் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டுள்ளன. கிரீனிச்சின் படத்தொடர் 1976இல் முடிந்தது; மவுண்ட் வில்சனின் கால்சியப் படத்தொடர் 1985இல் நின்றது. கொடைக்கானலின் பணி 2008இல் மின்னணுப் படக்கருவிக்கு மாறித் தொடர்கிறது.

ஒரு சூரியச் சுழற்சி 11 ஆண்டு. காந்த முனைகள் மாறித் திரும்ப 22 ஆண்டு. ஒருவர் தம் பணிக்காலத்தில் மூன்று சுழற்சிகளைப் பார்த்தாலே அதிகம். சூரியன் நெடுங்காலத்தில் எப்படி மாறுகிறது என்று அறிய இத்தகைய தொடர்பதிவு ஒன்றே வழி. 1957ஐ ஒட்டி உச்சம் தொட்ட, பதிவுகளிலேயே வலிமையான 19ஆம் சுழற்சியும், 2008இல் தொடங்கிய மிக மந்தமான 24ஆம் சுழற்சியும் ஒரே தொகுப்பில் கிடைக்கின்றன. சூரியன் நடுக்கோட்டில் சுமார் 25 நாளிலும் துருவங்களை ஒட்டிச் சுமார் 35 நாளிலும் சுழல்கிறது. இந்த வேறுபாட்டையும், புள்ளி இணைகளின் சாய்வையும், சுடர் இழைகள் துருவம் நோக்கி நகர்வதையும் இந்தப் படங்களைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். இளைய புள்ளியும் முதிய புள்ளியும் சுழலும் வேகத்தை ஒப்பிட்டு, அவற்றின் காந்த வேர்கள் சூரியனுக்குள் எவ்வளவு ஆழத்தில் உள்ளன என்று மதிப்பிடும் முயற்சியும் நடந்தது. படம் எடுத்தவர்கள் அறிந்திராத கேள்விகளுக்கும் அந்தப் படங்கள் விடை தருகின்றன.

இது ஏட்டுப் படிப்புக்கு மட்டும் உதவும் அறிவு அன்று. 1989 மார்ச்சில் சூரியப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தையே இருளில் ஆழ்த்தியது. 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயிலும் துருவ ஒளி தெரிந்தது. செயற்கைக்கோள்களும் மின்கட்டமைப்பும் விமானத் தொடர்பும் சூரியனின் சீற்றத்துக்கு இலக்காகும் இக்காலத்தில், அதன் பழைய நடத்தையைத் தெரியாமல் வருவதைக் கணிக்க இயலாது. 2023 செப்டம்பர் 2இல் சிறிகரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 சனவரி 6இல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொண்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில் கொரோனாவைப் பார்க்கும் முதன்மைக் கருவியை உருவாக்கியது, கொடைக்கானலில் வேர்கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான்.

மழையை முன்னறிவிக்கும் என்று நம்பித் தொடங்கிய ஆய்வகம் மழையை முன்னறிவிக்கவில்லை. சூரியனைப் பற்றி மனிதகுலத்திடம் உள்ள மிக நீண்ட படப்பதிவுகளில் ஒன்றை அது தந்திருக்கிறது. உடனடிப் பயனை மட்டும் கேட்டு, பஞ்சக் கணக்கு பொய்த்த அன்றே அரசு இதை மூடியிருந்தால் அந்தப் பதிவு இல்லை. நெடுங்காலக் கவனிப்புக்குச் செலவிடும் பணம் வீணாவதில்லை என்பதற்குத் தமிழகத்தின் மலையில் இருக்கும் இந்த நிலையமே போதிய சான்று.